பூடி95: ஒரே எண்ணெய் நிலையத்தில் இரண்டு விலை, சிவப்பு அட்டைக்காரர்கள் எங்கே நிற்பது?

2025 செப்டம்பர் 30ஆம் தேதியிலிருந்து நாட்டில் ரோன்95 பெட்ரோலுக்கு இரண்டு விலை. மைகார்ட் உள்ள மலேசியக் குடிமகன் லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென் கொடுக்கிறார். அந்தச் சலுகைக்குள் வராதவர் திட்டம் தொடங்கிய நாளில் கொடுத்தது 2 ரிங்கிட் 60 சென். இந்த இரண்டாவது விலை உலகச் சந்தையைப் பார்த்து வாராவாரம் மாறக்கூடியது.

செப்டம்பர் 22ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பூடி95 திட்டத்தை அறிவித்தபோது, சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மாதத்துக்கு 300 லிட்டர் போதுமா? ஒரு மாதம் ஓடிவிட்டது. தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து போயாகிவிட்டது. பெரும்பாலான குடும்பங்களுக்கு 300 லிட்டர் தாராளம் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் கெடாவின் தோட்டப்புறங்களில் வேறொரு கேள்வி எழுகிறது. அதை அவ்வளவாக யாரும் பேசக் காணோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சுங்கைப் பட்டாணியில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை என்று தினமும் பாலம் கடக்கிறவர்கள் நம்மில் நிறைய பேர். போகவர 100 கிலோமீட்டர், மாதத்தில் 24 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 2,400 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் மைவி காருக்கு 168 லிட்டர் போகும். வயதான புரோட்டோன் வண்டி 10 லிட்டர் குடித்தாலும் 240தான். ஞாயிற்றுக்கிழமை கோயில், கல்யாணம், கருமாதி எல்லாம் சேர்ந்தாலும் அந்த 300 லிட்டர் எல்லையைத் தாண்டுவது கஷ்டம்.

இதில் லாபம் எவ்வளவு என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2.60க்கும் 1.99க்கும் உள்ள வித்தியாசம் 61 சென். அதே 168 லிட்டருக்கு 102 ரிங்கிட் 48 சென் மிச்சம் என்று சொல்லலாம். மேடையில் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் செப்டம்பர் வரை அவர் கொடுத்தது 2 ரிங்கிட் 5 சென்தான். 2021 பிப்ரவரியிலிருந்து விலை அங்கேயேதான் நின்றது. ஆக, அவர் சட்டைப்பையில் உண்மையில் கூடியது லிட்டருக்கு 6 சென், மாதம் 10 ரிங்கிட் சொச்சம். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் என்று இரண்டு காலை வேளைக்கு வரும். அதைக் குறை சொல்லவில்லை. 2008 ஜூனில் ஒரே இரவில் 1.92லிருந்து 2.70க்கு ஏறியதைப் பார்த்த மக்கள், விலை இறங்கியதைக் கேட்டால் சந்தோஷப்படத்தான் செய்வார்கள்.

சலுகைக்கு வெளியே இருப்பவருக்கு இதே கணக்கு தலைகீழ். அவருக்கு 2.05 என்பது 2.60 ஆனது. லிட்டருக்கு 55 சென் ஏற்றம்.

யார் இந்த வெளியே இருப்பவர்? வெளிநாட்டுத் தொழிலாளி, சுற்றுப்பயணி, நிறுவனத்தின் பெயரில் எண்ணெய் வாங்கும் முதலாளி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி வரும் தாய்லாந்து வண்டிகளும் நினைவுக்கு வரும். வெளிநாட்டுப் பதிவு எண் கொண்ட வண்டிகளுக்கு ரோன்95 விற்கக்கூடாது என்ற தடை 2010லிருந்தே உண்டு. அது வேறு கதை. பூடி95 குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லும்போது, நிரந்தரவாசிகளும் வெளியே போகிறார்கள். அதாவது சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஹார்வார்ட், விக்டோரியா, ஹென்ரியட்டா, பேடனோக், டப்ளின் என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர்களோடு நிற்கும் கெடா தோட்டங்களிலோ, அங்கிருந்து வெளியேறி பீடோங், லூனாஸ், கோல கெட்டில் பக்கம் மலிவுவிலை வீடுகளில் குடியேறிய குடும்பங்களிலோ ஒரு தாத்தாவோ பாட்டியோ சிவப்பு அட்டையோடு இருப்பது புதிய செய்தியல்ல. இங்கேயே பால் மரம் வெட்டினார்கள். இங்கேயே பிள்ளை பெற்றார்கள். பிள்ளைகளுக்கு நீல அட்டை, பேரப்பிள்ளைகளுக்கு நீல அட்டை. தங்களுக்கு மட்டும் சிவப்பு.

எப்படி வந்தது இந்த நிலை? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் குடியுரிமைக்கு மனுச் செய்ய வாய்ப்பு இருந்தது. தோட்டத்துக்குள் இருந்தவர்களுக்கு அதன் அவசரம் தெரியவில்லை; தெரிந்தவர்களுக்கும் பிறப்புப் பத்திரம் இல்லை. பிள்ளை பிறந்தால் கங்காணியிடமோ கிராணியிடமோ சொன்னால் போதும் என்று இருந்த காலம் அது. பிறகு 1968ஆம் ஆண்டு வேலை வாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். போகாமல் தங்கியவர்களில் ஒரு பகுதியினர்தான் இன்றைய சிவப்பு அட்டைக்காரர்கள்.

இவர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். கார் ஓட்டுகிறவர் குறைவுதான். ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் குறைவல்ல. தோட்டத்திலிருந்து பிரதான சாலைக்கு வரவே நாலைந்து கிலோமீட்டர் செம்பனைக்குள் போக வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கிளினிக், சந்தை, வங்கி எல்லாம் பட்டணத்தில். அறுபது வயதுக்கு மேலும் காண்டா சவாரிதான் பலருக்குக் கால். நிரந்தரவாசி முறைப்படி வாகனமோட்டும் லைசென்ஸ் எடுக்கலாம், எடுத்திருக்கிறார்கள். 1.3 மைவிக்குக் குடிமகன் கட்டும் 70 ரிங்கிட் சாலை வரியைத்தான் அவரும் கட்டுகிறார். காப்புறுதியும் அப்படியே. டோல் சாவடியில் அட்டையின் நிறம் கேட்பதில்லை. எண்ணெய் ஊற்றும்போது மட்டும் கேட்கிறது.

பணமாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லை என்பது உண்மை. மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 25 லிட்டர் ஊற்றுகிறவருக்கு முன்பு ஆனது 51 ரிங்கிட் 25 சென். 2.60 விலையில் 65 ரிங்கிட். 13 ரிங்கிட் 75 சென் கூடுதல். பழைய கார் வைத்துக்கொண்டு மாதம் 80 லிட்டர் ஊற்றும் குடும்பத்துக்கு 44 ரிங்கிட் கூடுதல். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சேமநிதியும் கரைந்து, பிள்ளைகள் கொடுப்பதை வைத்துக் காலம் தள்ளும் பெரியவருக்கு 44 ரிங்கிட் ஒரு மாத மருந்துச் செலவு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான எஸ்டிஆர் உதவியும், 2025 ஆகஸ்ட் 31ஆம் தேதி வயது வந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் மைகார்டில் போடப்பட்ட 100 ரிங்கிட் சாரா உதவியும் அவருக்குக் கிடையாது. அரசாங்கத்தின் எந்தக் கை நீண்டாலும் அது நீல அட்டையைத் தேடித்தான் வருகிறது.

முன்பு பெட்ரோல் ஒன்றில்தான் அவரும் மற்றவரும் சமமாக இருந்தார்கள். அரசாங்கம் யார் என்று கேட்காமல் கொடுத்த கடைசிச் சலுகைகளில் அதுவும் ஒன்று. இலக்கு வைத்து மானியம் கொடுப்பது என்ற கொள்கையில் தவறில்லை. பணக்காரரின் பெரிய காருக்கும், எல்லை தாண்டிக் கடத்தப்படும் எண்ணெய்க்கும் பொதுப்பணம் போகக்கூடாது என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் பூடி95 பணக்காரரை ஒதுக்கவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வருமான வரம்பு எதுவும் இல்லை. ஆளுக்கு 300 லிட்டர் என்று திட்டம் தொடங்கியபோது, பங்களா வீட்டில் லைசென்ஸ் உள்ள குடிமக்கள் நாலு பேர் இருந்தால் 1,200 லிட்டர். அதே சாலையின் முனையில், ஐம்பது வருடம் மரம் வெட்டிய சிவப்பு அட்டைக்காரருக்குப் பூஜ்யம். இலக்கு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

அரசாங்கத் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது. நிரந்தரவாசி என்ற பட்டியலில் தோட்டத்துத் தாத்தா மட்டும் இல்லை. வசதியோடு வந்து தங்கிய வெளிநாட்டவரும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மக்கள் வரிப்பணத்தில் மானியம் ஏன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த இரண்டு பேரையும் பிரித்தறிவது தேசியப் பதிவு இலாகாவுக்கு முடியாத காரியமா? வயது அறுபதுக்கு மேல், பிறந்தது இங்கே அல்லது பல பத்தாண்டுகளாகச் சிவப்பு அட்டை என்ற இரண்டு வடிகட்டியைப் போட்டால் போதும். தகவல் எல்லாம் அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. 300 லிட்டர்கூட வேண்டாம், 50 லிட்டர் கொடுத்தாலே மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெரியவருக்குப் போதுமானது.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 2018இல் பக்காத்தான் ஹராப்பான் ஆட்சிக்கு வந்த புதிதில், அறுபது வயதைத் தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அப்போதைய பிரதமர் துன் டாக்டர் மகாதீர் அறிவித்தார். அதாவது, அரசாங்கம் நினைத்தால் இந்த முதியவர்களைத் தனிப்பட்டியலாக எடுக்க முடியும் என்பது அன்றே தெரிந்தது. இது மாநில அரசாங்கத்தின் வேலையல்ல; குடியுரிமை உள்துறை அமைச்சிடம், மானியம் நிதி அமைச்சிடம். கெடாவில் யார் மந்திரி பெசார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேர்தல் காலத்தில் மட்டும் தோட்டத்து வாசலுக்கு வருகிறவர்கள் இதை மாற்றிச் சொல்லுவார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம்.

சிவப்பு அட்டைகூட இல்லாதவர்கள் வேறு இருக்கிறார்கள். பிறப்பு பதியப்படாத பிள்ளைகள், தமிழ்நாட்டிலிருந்து கல்யாணம் செய்து வந்து இன்னும் விசாவில் இருக்கும் மருமகள்கள். முதல் வகையினருக்கு லைசென்ஸே கிடைக்காது. ஆனாலும் வேலைக்கு மோட்டார் ஓட்டிக்கொண்டுதான் போகிறார்கள். சாலைத் தடுப்பைக் கண்டால் செம்பனைக்குள் திரும்பும் அந்தப் பையன்களுக்கு எண்ணெய் விலை இரண்டாவது கவலைதான்.

நடைமுறைக்கு வருவோம். வீட்டில் தாத்தாவின் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்றால் என்ன செய்வது? பூடி95 ஒதுக்கீடு ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பது கணக்கில் வராது. எனவே நீல அட்டையும் லைசென்ஸும் உள்ள மகனோ பேரனோ அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போய்த் தன் மைகார்டில் ஊற்றலாம். ஆனால் மைகார்டைத் தாத்தாவிடம் கொடுத்து அனுப்பக்கூடாது. பின் எண் கேட்பதில்லை, கைரேகை கேட்பதில்லை, அட்டையைச் செருகினால் வேலை நடந்துவிடுகிறது என்பதால் பலர் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். 1990ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிகளின்படி இன்னொருவரின் அடையாள அட்டையைச் சட்டப்படி அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். 20,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். 15 ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய் பெரியவரை நீதிமன்ற வாசலில் நிற்க வைத்துவிடாதீர்கள்.

அட்டையைக் கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதே மைகார்டில்தான் சாரா பணம், எஸ்டிஆர், வாக்குரிமை எல்லாம். தொலைந்தால் புதியது எடுக்க முதல் தடவையே 110 ரிங்கிட் ஆகும். அடுத்தடுத்த தடவை இன்னும் ஏறும். பல மாதம் சிக்கனமாகப் பிடித்த காசு ஒரே நாளில் போய்விடும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் மழைநீரோடும் ஸ்பேனரோடும் அட்டையைப் போட்டு வைப்பது, பேண்ட் பின்பையில் வைத்து அதன் மேலேயே நாள் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டுவது இரண்டையும் நிறுத்திக்கொள்ளலாம். சில்லு வெடித்துவிட்டால் நிலையத்துக் கருவி படிக்காது. வரிசையில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார், நீங்கள் முழு விலை கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். கருவி பழுதாகும் நாளும் வரும். தொட்டி காலியாகும் வரை காத்திருக்காமல் பாதியில் இருக்கும்போதே ஊற்றிக்கொள்வது நல்ல பழக்கம். செத்தேல், டச் அண்ட் கோ போன்ற கைப்பேசிச் செயலிகளிலும் சலுகை விலை கிடைக்கிறது. ஆனால் தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கவுண்டரில் அட்டையை நீட்டுவதுதான் சுலபம்.

லைசென்ஸ் விஷயத்தில் அலட்சியம் கூடாது. பூடி95க்குக் குடியுரிமை மட்டும் போதாது, செல்லுபடியாகும் வாகனமோட்டும் லைசென்ஸும் வேண்டும். 2023 பிப்ரவரி 10இலிருந்து லைசென்ஸையும் சாலை வரியையும் மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும் என்றானது வசதிதான். ஆனால் கையில் அட்டை இல்லாததால் காலாவதி தேதியே கண்ணில் படுவதில்லை. லைசென்ஸ் முடிந்து மூன்றாண்டுக்கு மேல் விட்டால் முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும். அதற்கு ஆகும் செலவில் ஒரு வருடத்துப் பெட்ரோல் ஊற்றலாம். தோட்டத்துப் பையன்களில் லைசென்ஸ் இல்லாமலே ஐந்தாறு வருடம் ஓட்டியவர்கள் உண்டு. பி40 குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்க உதவும் மைலெசென் திட்டத்தைப் போக்குவரத்து அமைச்சு நடத்துகிறது. உள்ளூர் தோட்டத் தலைவர்களும் இளைஞர் மன்றங்களும் கோயில் திருவிழாவுக்கு அலையும் அலைச்சலில் பத்தில் ஒரு பங்கு இதற்கு அலைந்தால் போதும், பல பிள்ளைகள் பயமில்லாமல் சாலைக்கு வருவார்கள்.

வீட்டில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் லைசென்ஸ் என்றால், மனைவிக்கோ மகளுக்கோ எடுத்து வைப்பதும் யோசனைதான். கணவன் கணக்கு தீர்ந்தால் மனைவி கணக்கு இருக்கும். மாதக் கடைசியில் மீதம் இருந்தாலும் அடுத்த மாதத்துக்குச் சேராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எல்லையை முட்டுகிறவர்கள் என்று பார்த்தால் வாடகைக்கு ஓட்டுகிறவர்கள்தான். மின்னழைப்பு வாகன ஓட்டுநர்களுக்குக் கூடுதல் ஒதுக்கீடு உண்டு. பதிவில் சரியாக இருக்க வேண்டும். பெட்ரோல் வேனில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் கணக்கைக் கவனிக்கட்டும். தோட்டம் தோட்டமாகச் சுற்றி ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், மாதம் 22 பள்ளி நாள் ஓட்டினால் 2,640 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் என்றால் 290 லிட்டர். 300 லிட்டர் எல்லையில் சொந்தச் சோலிக்கு மிஞ்சுவது பத்து லிட்டர்தான். தோட்டங்கள் சுருங்கி, பிள்ளைகள் நாலு திசைக்குச் சிதறிய பிறகு, பல தமிழ்ப்பள்ளிகள் உயிரோடு இருப்பதே இந்த வேன்களால்தான். பள்ளி மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் வேன்காரரோடு உட்கார்ந்து பேச வேண்டியது கட்டணம் ஏறுவதற்கு முன்பு, ஏறிய பிறகு அல்ல. டீசலில் நடந்தது நினைவிருக்கும்: 2024 ஜூன் 10ஆம் தேதி 2.15லிருந்து 3.35க்கு ஏறியபோது, 200 ரிங்கிட் மாத உதவிக்குப் பலர் மனுச் செய்யவே நாளானது. சலுகை இருந்தது, மனுதான் போகவில்லை.

சிக்கனத்தைப் பற்றி நாளிதழ்களில் எத்தனையோ குறிப்புகள் வருகின்றன. விடியற்காலையில் ஊற்றினால் எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. தொட்டி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. டயர் காற்றைச் சரியாக வைப்பதும், காற்று வடிகட்டியை நேரத்துக்கு மாற்றுவதும்தான் உண்மையில் மிச்சம் பிடிக்கும். ரோன்95க்குச் செய்யப்பட்ட காருக்கு ரோன்97 ஊற்றினால் இழுவை கூடும் என்று நம்பிக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

மறுபடியும் சிவப்பு அட்டைக்கு வந்தால், செய்யக்கூடிய வேலை ஒன்று உடனடியாக இருக்கிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய பழைய காகிதங்களைத் தேடி எடுங்கள். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, சேமநிதிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கோயிலில் பதிந்த கல்யாணப் பதிவு எதுவானாலும் சரி. பழைய தோட்ட அலுவலகங்கள் மூடப்பட்டு, பதிவேடுகள் கரையான் தின்றுகொண்டிருக்கின்றன. இன்று கிடைக்கும் சாட்சி அடுத்த வருடம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. குடியுரிமை மனுவுக்கு மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் பல பெரியவர்கள் தடுமாறியிருக்கிறார்கள். ஆகவே நேர்காணலுக்குப் பேரப்பிள்ளை நாலு கேள்வி கேட்டுப் பழக்கிவிட வேண்டும். முன்பு நிராகரிக்கப்பட்டது என்பதற்காக மறுபடி மனுச் செய்யாமல் இருப்பதுதான் பெரும் நஷ்டம்.

பெட்ரோல் விவகாரத்தைப் பொறுத்தவரை, நிதி அமைச்சுக்குப் போகும் மனு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே எழுதுவதாக இருக்கக்கூடாது. தொழிற்சங்கமும், வட்டார நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களும், கோயில் நிர்வாகங்களும் சேர்ந்து கெடாவில் வண்டி ஓட்டும் சிவப்பு அட்டை முதியவர்களின் பெயர்ப்பட்டியலை முதலில் எடுக்கட்டும். பெயர், வயது, அட்டை எடுத்த ஆண்டு, லைசென்ஸ் எண். நாலு கட்டம் போட்ட ஒரு தாள் போதும். எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும். அடுத்த வருட மானியக் கணக்கைப் போடுவதற்குள் அந்தத் தாள் புத்ராஜெயாவுக்குப் போய்ச் சேர வேண்டும்.